களியக்காவிளையில் நிற்காத மெஷின்

பாறசாலை
20.1.97

தாரா,

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பாலராமபுரத்திலிருந்து உன் அண்ணன் போன் பண்ணிச் சொன்னான். கட்டின புருஷனுக்கு உன் சங்கதி எல்லாம் அடுத்தவர் வாயால்தான் வரவேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது. சரி, பழகிக்கொள்கிறேன்.

நானும் போன் பண்ணலாம். ஆனால் போன் இருப்பது அம்மாவின் கட்டில் தலைமாட்டில். போதாததற்கு நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வரும். கடிதமென்றால் நடுவில் யாரும் துண்டிக்க முடியாது, சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம்.

பொங்கல் அன்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்த வேகத்தில் உன் ஆபீஸ் லேப்டாப்பை இங்கே விட்டுவிட்டாய். யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொன்னதாக அண்ணன் சொன்னான். அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள். ஆறு மாசம் தைவானுக்குப் போக டிசம்பரிலேயே சரி சொல்லிவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல் பொங்கலுக்கு வந்து சிரித்துக்கொண்டு கரும்பு தின்றவள் நீ. உன் மேனேஜர் எலியா பாஸ்போர்ட் நகல் கேட்டுப் போன் பண்ணியதால், அதுவும் பானை பொங்குகிற நேரத்தில் அம்மா எடுத்ததால், எனக்குத் தெரிந்தது. நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் என்னிடம் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

இன்னொன்று. அந்த மெஷினை நான் தொட்டுவிட்டேன். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் தாக்கல் செய்யவேண்டிய ஒரு எல்லைத் தகராறு மனு இருந்தது, கையால் எழுதச் சோம்பல். சாயங்காலம் அம்மா முற்றத்தில் காற்று வாங்கப் போகிற நேரத்தில் முன்னறையில் உட்கார்ந்து அடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து சேவ் செய்தேன். அப்படியே நின்றுவிட்டது. எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையவில்லை. மனு போயிற்று. உலகத்துக்கெல்லாம் அனுப்பப் போகிற உன் புரோகிராம் பாறசாலையில் ஒரு மனுவைத் தாங்கவில்லை.

சுனில்


பெங்களூர்
25.1.97

அத்தான்,

அந்த மெஷின் பரிசோதனைக்கானது. அதில் மனு அடிக்க உங்களுக்கு யார் சொன்னது? தயவுசெய்து மூடி வையுங்கள்.

அதில் ஓடுவது என் டிரைவர். டிரைவர் என்றால் மெஷினுக்குள் ஒரு பாகத்தை ஓட்டுகிற சின்ன புரோகிராம். என்னுடையது பிராசசரின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். கரண்டில் ஓடும்போது முழு வேகம். பாட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்து பாட்டரியை மிச்சம் பிடிக்கும். ஒரு வருஷமாக நான் செய்த வேலை அவ்வளவுதான். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். தைவானில் செய்யப்போகிற இந்த மாடல் லேப்டாப் ஒவ்வொன்றிலும் அது போகப் போகிறது.

அது நின்றுபோகாது. இங்கே இதே மாதிரி மெஷின்கள் வரிசையாக இருக்கின்றன. வயரைப் பிடுங்கியும் போட்டும், பிடுங்கியும் போட்டும் நாள்முழுக்கச் சோதித்தோம். ஒன்றுகூட நிற்கவில்லை. நீங்கள் எதையோ தட்டியிருக்கிறீர்கள்.

பிப்ரவரி கடைசியில் இதை முடித்து நான் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் மார்ச்சில் அதோடு நானும் தைவான் போவேன். குறை இருந்தால் வேலையும் நிற்கும், பயணமும் நிற்கும். அதனால் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஸ்விட்சைப் போடும்போது வயர் சுவரில் மாட்டியிருந்ததா?

பொங்கல் கேள்விக்குப் பதில் சொன்னால் நீங்கள் வாதாடுவீர்கள். அதனால் சொல்லவில்லை.

தாரா


பாறசாலை
30.1.97

தாரா,

வயர் சுவரில்தான் மாட்டியிருந்தது. நீ போட்டுவிட்டுப் போன பிளக்கை நான் பிடுங்கவே இல்லை. இதைச் சத்தியப் பிரமாணமாகவே எழுதித் தருகிறேன்.

மூடி வைக்கச் சொன்னாய். வைக்கவில்லை. எதையோ தட்டியிருக்கிறேன் என்று நீ சொன்ன பிறகு எப்படி மூடி வைப்பது? குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் சொல்ல உரிமை உண்டு. அதே நேரம், அதே நாற்காலி, அதே மனு. அடித்தேன், சாப்பிட்டேன், வந்து சேவ் செய்தேன். நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும். இப்போது மனுவை மனப்பாடமாகவே சொல்வேன், ஜட்ஜி கேட்டால் கோர்ட்டில் நின்று ஒப்பிக்கலாம்.

அம்மா எட்டிப்பார்த்து, "மெஷினுக்கும் அவளுக்கும் ஒரே குணமாக்கும் மக்கா. நல்லா ஓடிட்டு இருக்கப்ப பிணங்கி நின்னுரும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

வாதாடுவேன் என்று பயந்து பதில் சொல்லாமல் இருப்பது ஒரு வாதம்தான். நீ போகக்கூடாது என்று நான் எப்போதாவது சொன்னேனா? பெங்களூருக்குப் போகாதே என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன் என்று நீயாகவே முடிவு செய்து, நான் சொல்லாததற்கு என்னைத் தண்டிக்கிறாய். கல்யாணம் ஆன புதிதில் நான் ஒருதரம் முகம் சுளித்ததை வைத்து இன்றுவரை என்னை அளக்கிறாய்.

சுனில்


பெங்களூர்
5.2.97

அத்தான்,

இங்கே இரண்டு நாளாக நான் வேறொன்றும் செய்யவில்லை. அடிப்பது, சேவ் செய்வது, அடிப்பது, சேவ் செய்வது. நிற்கவில்லை. நின்றுவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும். பார்த்துவிட்ட குறையைத் திருத்திவிடலாம். பார்க்காத குறையோடு எப்படித் தூங்குவது?

எலியாவிடம் சொன்னேன். வீட்டுக்காரர் கிராமத்தில் வைத்து ஓட்டுகிறார், வோல்டேஜ் குறைவாக இருக்கும், அதற்கு நாம் பொறுப்பா என்று கேட்டார். கையெழுத்தைப் போடு, டிக்கெட்டை எடு என்கிறார். பாட்டரி இருக்கும்போது வோல்டேஜ் உள்ளே போய் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கை வரமாட்டேன் என்கிறது. எங்கேயோ ஒருத்தி பரீட்சைக்கு எழுதினதெல்லாம் ஒரே தட்டலில் போய்விட்டது என்று அழுவாள், அதற்கு நான் காரணமாக இருப்பேன்.

கேன்டீனில் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே விரலால் கணக்குப் போடுகிறேன், பக்கத்தில் இருப்பவள் ஒருமாதிரி பார்க்கிறாள்.

நீங்கள் எதையும் தட்டவில்லை என்று நம்புகிறேன். இதற்குமேல் மன்னிப்பு எதிர்பார்க்காதீர்கள். மெஷினை இன்னும் ஓட்டுங்கள். வேறெங்காவது வைத்தும் ஓட்டிப் பாருங்கள்.

உங்களை அளக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வந்தது.

தாரா


பாறசாலை
10.2.97

தாரா,

ஒரு விசித்திரம் கேள். வேறெங்காவது வைத்து ஓட்டச் சொன்னாயே, மெஷினை எடுத்துக்கொண்டு களியக்காவிளைக்குப் போனேன், சுவாமிதாஸின் பிரஸ்ஸுக்கு. என்னோடு படித்தவன், நம் கல்யாணப் பத்திரிகை அடித்தானே, அவன்தான். கோர்ட் விட்டு வந்து அதே சாயங்கால நேரம், அதே மனு. அடித்தேன். அவன் வாங்கித் தந்த சாயாவும் வடையும் தின்றேன். வந்து சேவ் செய்தேன். ஜம்மென்று சேவ் ஆயிற்று.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் நின்றது. அடுத்த நாள் திரும்ப களியக்காவிளை. நிற்கவில்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஓடுகிறது, கேரளத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம்கூட இல்லை. சுவாமிதாஸ் சொன்னான், "எலே வக்கீலே, இதுக்கு ஒரு கேடும் இல்ல கேட்டியா. கேரளாக்காரனுக்க கை பட்டாத்தான் நிக்குது."

நான் எல்லைத் தகராறு கேஸ் நடத்துகிறவன். ஒரு மெஷின் எல்லைத் தகராறு பண்ணி இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி சிரிப்பில்லாமல் ஒன்று. இது நின்றுகொண்டே இருந்தால் நீ கையெழுத்துப் போடமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். போடாவிட்டால் தைவானும் இல்லை. நேற்று மெஷின் நின்றபோது என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைத்து உனக்குக் கடிதம் எழுத எனக்கு முடியவில்லை. வந்த சந்தோஷம் நல்லதாகவும் இல்லை. சோற்றில் கல் கடித்தது மாதிரி, அப்புறம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சுனில்


பெங்களூர்
14.2.97

அத்தான்,

என் டிரைவருக்கு செக்போஸ்ட் தெரியாது. மலையாளமா தமிழா என்றும் தெரியாது. ஆகவே அங்கே இருக்கிற ஏதோ ஒன்று இங்கே இல்லை. களியக்காவிளையிலும் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியது அவ்வளவே. நான் வந்து பார்க்கலாம் என்றால் எலியா இந்த மாசம் லீவு கிடையாது என்கிறார். உங்கள் கண்ணைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வீர்களோ அப்படி உங்களையே விசாரியுங்கள். சாதாரணம் என்று நினைத்து நீங்கள் எழுதாமல் விட்டது என்ன?

சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சொன்னதற்கு நன்றி என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை, வலித்தது. என் வேலை கெட்டால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். வேலை கெட்ட தாராவை வைத்துக்கொண்டு உங்களால் ஒரு வாரம் ஓட்ட முடியாது. பாத்திரமெல்லாம் நெளிந்துபோகும்.

மாசக் கடைசிக்குள் காரணம் கிடைக்கவில்லை என்றால் குறை இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். எலியா என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைக் கையெழுத்துப் போடச் சொல்வார். டிரைவர் போகும். நான் போகமாட்டேன். குறையும் அப்படியே போகும்.

தாரா


பாறசாலை
19.2.97

தாரா,

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நீ சொன்ன மாதிரி என்னையே கூண்டில் ஏற்றினேன். எந்த நேரத்தில் மெஷினைப் போட்டாய்? அம்மா முற்றத்தில் காற்று வாங்கும் நேரத்தில். அம்மா ஏன் முற்றத்துக்குப் போகிறாள்? டிவி ஓடாததால். டிவி ஏன் ஓடவில்லை? கரண்ட் இல்லாததால்.

தாரா, இங்கே தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் கட். அணையில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். ஊர் முழுக்க அதற்கேற்ப அரிசி களைந்து, குளித்து, குழந்தைகளைப் படிக்க உட்கார்த்தி எல்லாம் பழகிவிட்டது, ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை. கட் நேரத்தில்தான் முன்னறையில் சத்தம் இருக்காது. உன் மெஷினுக்கு அதன் திரை வெளிச்சமே போதும். அதனால் தினமும் கரண்ட் போனதும் ஸ்விட்சைப் போடுவேன். சாப்பிட எழும்போது கரண்ட் வந்திருக்கும். திரும்பி வந்து சேவ் செய்வேன். வயர் சுவரில் இருந்ததா என்று கேட்டாய். இருந்தது. சுவரில் கரண்ட் இருந்ததா என்று நீ கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இந்த வாரம் எங்கள் பக்கத்துக் கட் நேரம் ஏழிலிருந்து எட்டுக்கு மாறியது. மெஷின் நிற்பதும் கூடவே மாறியது. அப்போதுதான் பொறி தட்டியது. நேற்று வேண்டுமென்றே கரண்ட் வந்த பிறகு போட்டேன். நிற்கவில்லை. களியக்காவிளையில் அந்த நேரத்தில் கட் கிடையாது. சுவாமிதாஸ் நல்லவன், கேரளாக்காரன் கையும் நல்ல கைதான்.

இதுவரைக்கும் காலையிலேயே எழுதிவிட்டேன். பையில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனேன், கோர்ட் முழுக்க அது பையில் இருந்தது. அதைப் போட்டால் நீ போய்விடுவாய். ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது என்ன கேட்டேன் என்றே மறந்து நின்றேன், ஜட்ஜி இருமினார். இப்போது மத்தியானம், கூரியர் ஆபீஸில் நின்று இந்த வரிகளைச் சேர்த்துக் கொடுக்கிறேன். தபாலில் போட்டால் இன்னும் இரண்டு நாள் நீ சாப்பிடாமல் இருப்பாய்.

சுனில்


பெங்களூர்
24.2.97

அத்தான்,

அதேதான். அதேதான் அத்தான். உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், படித்து முடித்ததும் ஒரு மெஷினை வயர் இல்லாமல் போட்டு, பிறகு வயரை மாட்டி, சேவ் செய்தேன். கல் மாதிரி நின்றது. நான் சத்தம் போட்டதில் எலியா அறையிலிருந்து ஓடி வந்தார்.

சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். மெஷின் எழுந்தவுடன் தன் வேகத்தை ஒரே ஒருமுறை அளந்துகொள்ளும். கண் மூடித் திறப்பதற்குள் எதுவரை எண்ண முடிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு டிஸ்க் தயாராகக் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்றால் அது கடிகாரம் பார்ப்பதில்லை. அந்தக் கணக்குக்கு எண்ணிவிட்டு டிஸ்க்கைத் தட்டும். நீங்கள் கரண்ட் இல்லாமல் எழுப்பினால் அது மெதுவாக இருக்கும்போது அளந்த கணக்கு. கரண்ட் வந்ததும் என் டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறது. மெஷின் அதே கணக்கைப் படபடவென்று எண்ணி முடித்து, டிஸ்க் தயாராகும் முன்பே போய்த் தட்டுகிறது. பதில் வராது. நின்றுவிடும்.

நாங்கள் இங்கே எப்போதும் கரண்டில்தான் எழுப்புவோம். அப்புறம் வயரைப் பிடுங்குவோம். மெதுவானால் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆபீஸில் ஜெனரேட்டர் இருக்கிறது. பாலராமபுரத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் பரீட்சைக்குப் படித்தவள், கரண்ட் போகும் என்பதையே மறந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

திருத்திவிட்டேன். கொஞ்சம் வரிகள்தான். வேகத்தை மாற்றுவதற்கு முன், மெஷினுக்குள் அந்த வேகத்தை நம்பியிருக்கிற எல்லோருக்கும் ஒருமுறை சொல்லவேண்டும். மாற்றிய பின் இன்னொருமுறை சொல்லவேண்டும். அவரவர் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்வார்கள். இதுவரை என் டிரைவர் யாரிடமும் சொல்லாமல் மாற்றிக்கொண்டிருந்தது. இதை எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் பொங்கல் கேள்வி வந்து எதிரில் நின்றது. எழுந்துபோய் உங்கள் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

இனி முக்கியமானது. எலியா இன்று என்னைக் கூப்பிட்டார். தைவான்காரர்கள் நான்தான் வேண்டுமென்று கேட்கிறார்களாம், ஆறு மாசம் அல்ல, ஒரு வருஷம். நான் பதில் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்கிறேன். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போனால் மனசு உங்களைத் தேடும், அதுவும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

புது டிரைவர் இந்த ஃபிளாப்பியில் இருக்கிறது. மேலே ஒட்டிய சீட்டில் எழுதியபடி போட்டுவிட்டு, கரண்ட் போனதும் எழுப்புங்கள். எதையாவது அடியுங்கள். கரண்ட் வந்ததும் இதே ஃபிளாப்பியில் சேவ் செய்யுங்கள். நின்றதா இல்லையா என்று சொல்லுங்கள், அதுவரை கையெழுத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன். மற்றதற்கும் பதில் சொல்லுங்கள். வாதாடினாலும் பரவாயில்லை.

தாரா


பாறசாலை
1.3.97

தாரா,

நிற்கவில்லை.

நேற்று எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மெஷினை எழுப்பினேன். எதையாவது அடி என்று எழுதியிருந்தாய். மனுவை அடிக்கத்தான் உட்கார்ந்தேன், விரல் போகவில்லை. இருட்டில் அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றரை மாசத்தில் ஒரு நாளும் நான் ஒழுங்காக இருக்கவில்லை. அறையில் நடந்தேன், கிணற்றடிக்குப் போனேன், ஸ்டேஷன் வரைக்கும் போய் வண்டி பார்த்துவிட்டுச் சும்மா திரும்பினேன். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை அடித்தேன். தமிழ் எழுத்து அதில் இல்லையே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். வேறொன்றும் அடிக்கவில்லை.

கரண்ட் வந்தது. விளக்கு, மின்விசிறி, டிவி, தெருவில் பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் ஒன்றாக வந்தது. மெஷின் உள்ளே உர்ரென்று வேகம் பிடித்தது. நம்புவாயா, சேவைத் தட்ட அவ்வளவு பயம். தட்டினேன். நிற்கவில்லை. சேவ் ஆயிற்று. திரும்பவும் தட்டினேன். ஆயிற்று. அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பிணங்கல்லியே" என்றாள். இல்லை என்றேன். "அப்ப அவ போவாளா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டிவியின் முன் உட்கார்ந்தாள். சத்தத்தைக் கூட்டவில்லை.

நான் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி அடித்து, அதையும் சேவ் செய்தேன். மேலே இருப்பதை அழிக்கலாம் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. மாறுவதற்கு முன் ஒருமுறை, மாறின பின் ஒருமுறை சொல்லவேண்டும் என்று நீதானே எழுதியிருந்தாய்.

ஃபிளாப்பியை இதோடு அனுப்புகிறேன். எலியாவிடம் கொடுப்பதற்கு முன் நீ திறந்து பார். மேலே இருப்பது, போவாண்டாம். அது கரண்ட் இல்லாதபோது எழுதியது. கீழே இருப்பது, போயிட்டு வா. இரண்டும் நான் எழுதினதாக்கும், இரண்டுமே உண்மை.

மெஷினை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டேன். வெள்ளிக்கிழமை பெங்களூர் வண்டியில் நானே கொண்டுவருகிறேன். ஸ்டேஷனுக்கு வா.

சுனில்